செட்டைத் தூக்கிப் போடும் முன் மூன்று வயர்களைப் பாருங்கள்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நான் பாளையங்கோட்டையில் கார் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். கேசட் காலத்தில் ஒரு கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, ஹெட்டைத் துடைக்கவும் பெல்ட் மாற்றவும் பழகினேன். பிறகு சிடி வந்தது, பென் டிரைவ் வந்தது, ப்ளூடூத் வந்தது, இப்போது டேஷ்போர்டு முழுக்கத் தொடுதிரை. எல்லாவற்றையும் கழற்றி மாட்டியிருக்கிறேன். உங்கள் நாளிதழில் வண்டி வாங்குவது, இன்ஷூரன்ஸ், மைலேஜ் பற்றியெல்லாம் விவரமாக எழுதுகிறீர்கள். கார் செட் பாடாமல் போனால் முதலில் எதைப் பார்ப்பது என்று எழுதி நான் படித்ததில்லை. அதனால் நானே எழுதிவிட்டேன். கடிதம் நீளம்தான். ஆனாலும் போட்டீர்களானால் பலருக்குக் கைக்காசு மிஞ்சும்.

செட் அவுட் என்று என் கடைக்கு வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் செட் நன்றாகவே இருக்கிறது. கோளாறு செட்டுக்கு வெளியில் இருக்கும். ஃபியூஸ் போயிருக்கும், எர்த் விட்டிருக்கும், கதவுக்குள் வயர் அறுந்திருக்கும், எலி கடித்திருக்கும். ஆனால் வண்டிக்காரரிடம் “போர்டு போச்சு, புதுசுதான் போடணும்” என்று சொல்லிவிடுகிறார்கள். நல்ல செட் கழன்று பழைய இரும்புக்குப் போகிறது. புது செட்டுக்கும் அதே வயரில்தான் கரண்ட். அடிப்படைக் கோளாறைச் சரிசெய்யாமல் மாட்டியதால் நாலைந்து மாதத்தில் அதுவும் படுத்துவிடுகிறது.

சென்ற மாதம் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை வந்தார். “அண்ணாச்சி, பேட்டரி மாத்துனதுல இருந்து செட்டுல உயிரே இல்ல. ஒரு கடையில காட்டினேன். போர்டு எரிஞ்சிட்டு, பதினஞ்சாயிரம் ஆகும்னு சொல்லுதாங்க” என்றார். நான் செட்டைத் தொடவே இல்லை. “டீச்சர், கதவைத் திறந்தா உள்ளே ரூம் லைட் எரியுதா?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். “அதுவும் எரியல. பல்பு போயிருக்கும்னு விட்டுட்டேன்” என்றார். அவ்வளவுதான், விஷயம் பிடிபட்டுவிட்டது. பல கார்களில் ரூம் லைட்டுக்கும் செட்டுக்கு எப்போதும் போகிற லைனுக்கும் ஒரே ஃபியூஸ். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஃபியூஸ் பெட்டி மூடியைக் கழற்றி, நீல நிற 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை இடுக்கியால் பிடுங்கி அவர் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் உள்ளே இருக்கிற வளைந்த தகடு நடுவில் அறுந்து, இரண்டு முனையும் கருத்திருந்தது. பேட்டரி டெர்மினலை மாட்டும்போது ப்ளஸ்ஸும் மைனஸும் மாறித் தொட்டிருக்க வேண்டும். தான் எரிந்து செட்டைக் காப்பாற்றியிருக்கிறது அந்தச் சின்ன ஃபியூஸ். புதிது ஒன்றைச் செருகியதும் ரூம் லைட் எரிந்தது, செட்டும் பாடியது. பத்து ரூபாய் வேலை.

அந்தக் கடைக்காரர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். இன்றைக்கு செட் மாட்டுகிற பையன்கள் பலருக்கு மாட்டத்தான் தெரிகிறது, பழுது பார்க்கச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. சீசன் நேரத்தில் வாசலில் ஏழெட்டு வண்டி நிற்கும்போது மீட்டரை எடுத்து வயரைத் தேடிக்கொண்டிருக்கப் பொறுமையும் இருப்பதில்லை. ஃபியூஸில் பத்து ரூபாய் கிடைக்கும், புது செட்டில் ஆயிரக்கணக்கில் கிடைக்கும் என்பதும் உண்மைதான். காரணம் எதுவாக இருந்தாலும் பணம் போவது வண்டிக்காரருக்கு. அதனால் வண்டிக்காரருக்கு நாலு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

வெளியில் வாங்கி மாட்டும் செட்டின் பின்னால் தொங்குகிற வயர்க் கொத்தைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் செட் உயிரோடு இருக்க மூன்றே வயர் போதும். மஞ்சள், சிவப்பு, கறுப்பு. மஞ்சள் வயர் பேட்டரியிலிருந்து நேராக வருவது. சாவியை எடுத்துவிட்டாலும் அதில் 12 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். நேரம், ஸ்டேஷன், செட்டிங் எல்லாம் அழியாமல் இருப்பது அதனால்தான். சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்புக்கு வேண்டிய கனத்த கரண்டும் அதன் வழியாகத்தான் போகிறது. சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் வரும் ஏசிசி லைன். செட்டை எழுப்பும் வேலை மட்டும்தான் அதற்கு. கறுப்பு, எர்த்.

மற்றவை ஸ்பீக்கர் வயர்கள். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு வயர் இருக்கும், கறுப்புக் கோடு போட்டது மைனஸ். நீலம் ஆன்டெனாவுக்கு, நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது தனி ஆம்ப்பை எழுப்ப. இதெல்லாம் வெளியில் வாங்கும் செட்டின் நிறங்கள். வண்டியோடு வருகிற வயரிங்கில் ஒவ்வொரு நிறுவனமும் வேறு வேறு நிறம் வைத்திருக்கும். மஞ்சளைக் கண்டதும் மஞ்சளோடு முறுக்கிவிடக் கூடாது, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் இணைக்க வேண்டும். டேஷ்போர்டுக்குள் மஞ்சள் உறை போட்ட வயரோ மஞ்சள் கப்ளரோ (வயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் செருகி) கண்ணில் பட்டால் அது ஏர்பேக் லைனாக இருக்கும். அதில் டெஸ்ட் லேம்ப் முள்ளைக் குத்தவே கூடாது. ஏர்பேக் வெடித்தால் முகத்துக்கு ஆபத்து.

இந்த மூன்று வயரின் கதை புரிந்துவிட்டால் பாதி நோயை உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடலாம். ஒவ்வொரு முறை சாவியை எடுத்துப் போடும்போதும் நேரமும் ஸ்டேஷனும் அழிந்துபோகிறதா? மஞ்சளும் சிவப்பும் மாறியிருக்கின்றன, அல்லது மஞ்சளும் ஏசிசி லைனிலேயே கொடுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு மூன்று நாள் நிறுத்தி வைத்தால் பேட்டரி இறங்கிவிடுகிறதா? சிவப்பையும் சேர்த்து நேர் லைனில் கொடுத்திருப்பார்கள், செட் தூங்காமலே கிடக்கும். சின்ன பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரிதான். செட் அரை ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தாலே மூன்று நாளில் 36 ஆம்பியர்-ஹவர் போய்விடும். சனிக்கிழமை திருச்செந்தூர் போய் வந்து நிறுத்திய வண்டி செவ்வாய்க்கிழமை ஸ்டார்ட் ஆகாது. வண்டிக்காரர் பேட்டரிக் கடைக்குத்தான் போவார், அங்கே பேட்டரியை மாற்றுவார்கள். குற்றவாளி டேஷ்போர்டுக்குள் இருக்கிறான் என்பது யாருக்கும் தோன்றாது.

ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் செட் ஒரு நொடி அணைந்து எரிந்தால் பயப்பட வேண்டாம். ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றும் நேரத்தில் பல வண்டிகளில் ஏசிசி லைன் தானாகவே துண்டிக்கப்படும். ஆனால் மஞ்சளும் சிவப்பும் சரியாக இருந்தும் ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் நேரம் அழிந்து புதிதாகத் தொடங்கினால் பேட்டரி தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். இன்ஜின் ஓடாத நேரத்தில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும், ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை. இதைப் பார்த்துச் சொல்ல எந்த எலக்ட்ரீஷியனுக்கும் ஒரு நிமிடம் போதும்.

எர்த்தைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. வயலுக்கு வாய்க்கால் மட்டும் இருந்தால் போதாது, வடிகாலும் வேண்டும். கரண்டும் அப்படித்தான். செட்டுக்குள் போன கரண்ட் கறுப்பு வயர் வழியாக வண்டியின் இரும்பு பாடிக்குத் திரும்ப வேண்டும். அவசரத்தில் மாட்டுபவர்கள் இந்தக் கறுப்பு வயரை டேஷ்போர்டுக்குள் அகப்பட்ட ஒரு ஸ்க்ரூவில் சுற்றிவிடுகிறார்கள். அந்த ஸ்க்ரூ பிளாஸ்டிக்கைப் பிடிப்பதாக இருக்கும், இல்லையென்றால் பெயின்ட் மேல் உட்கார்ந்திருக்கும். நம் பக்கம் உவரி, திருச்செந்தூர், மணப்பாடு என்று கடலோரத்தில் நிற்கிற வண்டிகளில் உப்புக் காற்று பட்டு எர்த் முனை பொரிந்து போயிருக்கும். எர்த் விட்டால் வரும் கோளாறு ஒவ்வொரு நாளும் ஒரு மாதிரி இருக்கும். சத்தம் குறைவாக வைத்தால் பாடும், கூட்டினால் அணையும். ஹெட்லைட் போட்டால் திரை மங்கும். வழி தேடி கரண்ட் ஆன்டெனா கேபிளின் உறை வழியாகத் திரும்பும், எஃப்எம்மில் இரைச்சல் கேட்கும். இப்படி ஆளுக்கொரு விதமாக வருவதால்தான் போர்டு போச்சு என்று சொல்வது சுலபமாகிவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க மீட்டரை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம். பச்சை பிடித்த வயரில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் ஏறக்குறைய கரண்ட் இழுப்பதே இல்லை. நான் ஹோல்டரில் போட்ட 21 வாட்ஸ் இண்டிகேட்டர் பல்ப் ஒன்றை இரண்டு வயரோடு கையில் வைத்திருக்கிறேன். செட்டின் கப்ளரைக் கழற்றி, வண்டிப் பக்கத்தில் செட்டின் மஞ்சளோடும் கறுப்போடும் சேருகிற இரண்டு வயருக்கும் நடுவே அதைப் பிடிப்பேன். நேர் லைனிலும் எர்த்திலும் பழுதில்லை என்றால் பல்ப் பளிச்சென்று எரியும். மங்கலாக, செம்பழுப்பாக எரிந்தால் எங்கேயோ வயர் பட்டினி கிடக்கிறது. இதை வண்டிக்காரரைப் பக்கத்தில் நிற்க வைத்தே செய்வேன். கண்ணால் பார்த்துவிட்டால் அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. இன்னொரு வழியும் உண்டு. செட்டைக் கொஞ்சம் சத்தமாகப் பாடவிட்டு, செட்டின் உலோக உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே மீட்டர் வைத்தால் கால் வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் எர்த்தைத் தனியாக இழுத்து, பெயின்ட்டைச் சுரண்டி, நட்டுப் போட்டு இறுக்க வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் பாடவில்லை என்றால் எல்லாவற்றுக்கும் முன்னால் பேலன்ஸ் (இடது-வலது சத்தம்), ஃபேடர் (முன்-பின் சத்தம்) இரண்டையும் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். குழந்தைகள் திரையைத் தட்டி விளையாடி ஒரு மூலைக்குத் தள்ளியிருப்பார்கள். அதற்காகவே என் கடைக்கு வந்த வண்டிகள் உண்டு. அது சரியாக இருந்தால் கதவைப் பாருங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்து மூடும்போது சத்தம் விட்டுவிட்டு வந்தால், கதவுக்கும் தூணுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் குழாய்க்குள் வயர் அறுந்திருக்கிறது. தினமும் பலமுறை மடங்கி நிமிர்கிற இடம் அது. மேல் உறை அப்படியே இருக்கும், உள்ளே செம்பு முறிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, இழுத்துப் பார்த்தால் ரப்பர் மாதிரி நீளும்.

ஸ்பீக்கர் பிழைத்திருக்கிறதா என்று பார்க்கச் சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பேட்டரி ஒன்று போதும். முதலில் செட்டின் கப்ளரைக் கழற்றிவிடுங்கள். பிறகு ஸ்பீக்கர் வயர் இரண்டையும் அந்த பேட்டரி முனைகளில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். ‘டக்’ என்று கேட்டால் ஸ்பீக்கருக்குள் இருக்கிற கம்பிச் சுருள் (காயில்) நன்றாக இருக்கிறது. 4 ஓம் ஸ்பீக்கருக்கு மீட்டரில் மூன்றிலிருந்து நான்குக்குள் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் எரிந்திருக்கிறது, அல்லது வழியில் வயர் அறுந்திருக்கிறது.

கதவு என்றதும் இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். கதவின் உள் பேனலைக் கழற்றினால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். கண்ணாடி வழியாக இறங்குகிற மழைத் தண்ணீர் உள்பக்கம் வராமல் கதவின் அடித் துளை வழியாகவே வெளியே போக அதுதான் தடுப்பு. ஸ்பீக்கர் மாற்றுகிறவர்கள் இதைக் கிழித்துக் கசக்கிப் போட்டுவிடுகிறார்கள். அடுத்த ஐப்பசி மழையில் ஸ்பீக்கர் ஊறி, பின்பக்கக் காந்தத்தைச் சுற்றித் துருப் பிடிக்கிறது. கதவு வேலை முடிந்ததும் “அண்ணே, உள்தாளை ஒட்டியாச்சா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

திரையில் ‘ப்ரொடெக்ட்’ என்றோ ‘செக் வயரிங்’ என்றோ ஆங்கிலத்தில் வந்து செட் வாயை மூடிக்கொண்டால், செட் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் செட் தன்னைக் காத்துக்கொள்கிறது. கார் செட்டுக்குள் இருக்கிற ஆம்ப் ஐசியில் (சத்தத்தைப் பெருக்கும் சிப்) ஸ்பீக்கரின் ப்ளஸ், மைனஸ் இரண்டு வயரிலுமே பேட்டரி வோல்ட்டேஜில் பாதி, அதாவது 6 வோல்ட் அளவு எப்போதும் இருக்கும். அதனால் ஸ்பீக்கர் மைனஸ் வயர் பாடியைத் தொடவே கூடாது. பழைய காலத்து செட்டுகளில் மைனஸை பாடியில் கொடுத்தது உண்டு. அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் சிலர் கொடுத்துவிடுகிறார்கள். சில நேரம் கதவு பேனல் ஸ்க்ரூ வயரின் உறையைத் துளைத்து நிற்கும், சில நேரம் எலி உறையைத் தின்றிருக்கும். ஸ்பீக்கர் கப்ளரை மட்டும் கழற்றிவிட்டு செட்டைப் போடுங்கள். அந்த எழுத்து மறைந்துவிட்டால் செட் நல்ல செட். கோளாறு வயரில். ஒவ்வொரு ஸ்பீக்கராக இணைத்துக்கொண்டே வந்தால் எந்தக் கதவில் என்று தெரிந்துவிடும். ஸ்பீக்கர் எல்லாம் கழன்ற பிறகும் எழுத்து நின்றால்தான் ஐசி போயிருக்கும். அப்போதும்கூட ஐசியை மட்டும் மாற்றலாம். சென்னை ரிச்சி தெருவில் ஆம்ப் ஐசி தனியாகக் கிடைக்கும், சால்டரிங் கை நன்றாக இருக்கிற ஆள் மாற்றிக்கொடுப்பார்.

எலியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதைச் சின்ன விஷயமாக எண்ண வேண்டாம். வயல் பக்கம், தோப்புப் பக்கம் நிறுத்துகிற வண்டிகளில் நான் பார்க்கிற வயரிங் கோளாறுகளில் பெரிய பங்கு எலியுடையது. கடித்த இடத்தை இன்சுலேஷன் டேப் சுற்றி விட்டால் நம்மூர் வெயிலில் பசை இளகி அவிழ்ந்துவிடும். சால்டர் வைத்து, சூட்டில் சுருங்குகிற ஸ்லீவ் போட வேண்டும்.

ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ‘ங்ஙீ’ என்று ஒரு சத்தம் ஸ்பீக்கரில் ஏறிக்கொண்டே போனால் அது பேட்டரியை சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டரின் சத்தம். ஸ்பீக்கரை மாற்றுவதால் போகாது. ஆன்டெனாவைப் பிடுங்கினால் நின்றுவிடுகிறது என்றால் அந்த வழியாக வருகிறது. தனி ஆம்ப் வைத்த வண்டியாக இருந்தால், பேட்டரியிலிருந்து வருகிற கனத்த வயரும் பாட்டுக்கு உரிய ஆர்சிஏ வயரும் ஒரே பக்கக் கார்ப்பெட்டுக்குக் கீழே ஒன்றாகப் போகின்றனவா என்று பாருங்கள். ஒன்றை இடது பக்கமும் மற்றதை வலது பக்கமும் கொண்டுபோனால் பாதிப் பிரச்சினை தீரும். மீதி எர்த்தில் இருக்கும். எஃப்எம்மில் மட்டும் இரைச்சல் என்றால் சிகரெட் லைட்டர் துளையில் செருகிய மலிவு மொபைல் சார்ஜர், டேஷ் கேமரா, ஹெட்லைட்டில் போட்ட எல்இடி பல்ப் ஆகிய மூன்றையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். ஹெட்லைட் போட்டதும் வானொலி இரைந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

சில ஐரோப்பிய மாடல்களில் கூரை ஆன்டெனாவின் அடியிலேயே ஒரு சிறிய ஆம்ப் இருக்கும். அதற்குக் கரண்ட் ஆன்டெனா கேபிள் வழியாகவே போகிறது. புது செட் மாட்டும்போது அதற்குரிய அடாப்டரைப் போடாமல் விட்டால் ஊருக்குள் எஃப்எம் பிடிக்கும், ஊர் எல்லை தாண்டினால் இழந்துவிடும். “புது செட் சரியில்ல” என்று திரும்பவும் செட்டையே மாற்றுகிறார்கள்.

பேட்டரியைக் கழற்றி மாட்டியதும் சில செட்டுகள் ‘கோட்’ கேட்டு நிற்கும். திருட்டைத் தடுக்க வைத்த பூட்டு அது, பழுது அல்ல. நான்கு இலக்க எண் வண்டியோடு கொடுத்த கையேட்டில் ஒரு சிறிய அட்டையில் இருக்கும். தெரியாமல் வாய்க்கு வந்த எண்களைப் போட்டால் செட் மேலும் பூட்டிக்கொள்ளும். சில மாடல்களில் சாவியை ஆனில் வைத்து ஒரு மணி நேரம் காத்திருந்தால்தான் மறுபடி போட விடும். பழைய கார் வாங்குகிறவர்கள் ஆர்சி புத்தகத்தையும் இரண்டாவது சாவியையும் கேட்பதுபோல இந்த அட்டையையும் கேட்டு வாங்குங்கள். தொலைந்திருந்தால் செட்டின் வரிசை எண்ணையும் வண்டிக் காகிதங்களையும் கொண்டுபோய் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் கேட்கலாம்.

ஆண்ட்ராய்டு திரை செட்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லோகோ வந்து வந்து போகிறது என்றால் சாஃப்ட்வேர் என்பார்கள். முதலில் கரண்ட் போதுமா என்று பாருங்கள். சாதாரண செட்டைவிட இவை அதிகம் இழுக்கும். மெல்லிய வயரில் ஃபியூஸ் பெட்டியிலிருந்து கொக்கி போட்டு எடுத்திருந்தால் தாங்காது. அப்புறம் முன்பக்கம் ஊசி நுழைகிற அளவுக்கு ரீசெட் துளை இருக்கும், அதை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். ப்ளூடூத் சேரவில்லை என்றால் செட்டில் இருக்கிற பழைய போன் பட்டியலையும் போனில் இருக்கிற செட் பெயரையும் இரண்டு பக்கமும் அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அழித்தால் சேராது.

பெட்டியில் ‘50 வாட்ஸ் × 4’ என்று போட்டிருப்பதை நம்பி சத்தத்தை முழுக்கத் திருப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 10 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட செட் 14.4 வோல்ட்டில் எடுக்கக்கூடிய பவரே 144 வாட்ஸ்தான், அதிலிருந்து 200 எப்படி வரும்? தொடர்ந்து கொடுக்கக்கூடியது ஒரு ஸ்பீக்கருக்கு இருபது வாட்ஸ் சொச்சம். அதற்கு மேல் திருப்பினால் பாட்டு கிழியும், கீச்சு ஒலிக்கு வைத்த சின்ன ஸ்பீக்கரான டுவீட்டர் எரியும். ஃபியூஸ் போகிறதே என்று 10 இருந்த இடத்தில் 20-ஐப் போடுவதும், சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித் தாளைச் சுற்றி வைப்பதும் வண்டியைத் தீக்குக் கொடுக்கிற காரியம். தயவுசெய்து வேண்டாம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டத்திலும் தூத்துக்குடியிலும் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்தது. தாமிரபரணித் தண்ணீர் வடிந்த பிறகு சேறு படிந்த வண்டிகள் வரிசையாக வந்தன. அவற்றில் பேட்டரியை உடனே கழற்றிவிட்ட வண்டிகளின் செட்டைத்தான் அதிகம் காப்பாற்ற முடிந்தது. காரணம் அந்த மஞ்சள் வயர்தான். சாவி கையில் இருந்தாலும் அதில் கரண்ட் உண்டு. ஈரமான போர்டில் கரண்ட் நின்றுகொண்டே இருந்தால் செம்புக் கோடுகள் அரித்துக் கரைந்துவிடும். அதனால் வெள்ளத்தில் நின்ற வண்டியில் சாவியைப் போட்டுப் பார்க்காதீர்கள். முடிந்தவுடன் பேட்டரி மைனஸ் டெர்மினலைக் கழற்றுங்கள். செட்டைப் பிரித்து, சுத்தமான தண்ணீரில் சேற்றைக் கழுவி, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் விட்டு பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாக உலர்த்திய பிறகு கரண்ட் கொடுத்தால் பிழைக்க வாய்ப்பு இருக்கிறது. அந்த டிசம்பரில் ஒரு டாக்ஸி ஓட்டுநர் தம்பியின் செட்டை அப்படி உலர்த்திக் கொடுத்தேன். இன்றும் குற்றாலத்துக்கும் கன்னியாகுமரிக்கும் அந்த செட் பாடிக்கொண்டு போகிறது.

கடைக்காரர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வண்டியோடு வந்த கப்ளரைத் தயவுசெய்து வெட்டாதீர்கள். ஒவ்வொரு மாடலுக்கும் செருகி மாட்டுகிற இணைப்பு வயர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளிலிருந்து பார்சலில் வரவழைக்கலாம். ஒரு முறை வெட்டி முறுக்கிய கப்ளரை அடுத்து வருகிற எந்த மெக்கானிக்கும் புரிந்துகொள்ள முடியாது. எந்த வயர் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கவே எனக்கு அரை நாள் போகிறது, அந்தக் கூலியையும் வண்டிக்காரர்தான் கொடுக்கிறார். புது வண்டியாக இருந்தால் வாரண்டிக்கும் வம்பு.

வண்டிக்காரர்கள் மூன்று காரியம் செய்தால் போதும். செட் போச்சு என்று சொன்னால், “கப்ளரில் கரண்ட் வருதா, பல்ப் போட்டுக் காட்டுங்க” என்று கேளுங்கள். காட்டத் தயங்குகிற கடையில் பணம் கொடுக்காதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பழைய செட்டைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் பொருள். என்ன கோளாறு, என்ன மாற்றினோம் என்று எழுதிய பில் கேளுங்கள். பில் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் ‘பழுதுபார்க்கும் உரிமை’ இணையதளத்தைத் தொடங்கியபோது அதில் வாகனங்களையும் ஒரு பிரிவாகச் சேர்த்தது. ஆனால் கார் செட்டின் வயரிங் படத்தைத் தமிழ்நாட்டுக் கடைக்காரர் ஒருவர் இன்றைக்கும் ஆளிடம் ஆள் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு மாடலுக்கும் செட் கப்ளரின் வயர் படத்தை நிறுவனங்கள் தங்கள் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் அச்சிட வேண்டும். ஒரு பக்கம்தானே, அதில் ரகசியம் எதுவும் இல்லை.

ஆசிரியர் ஐயா, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். மேலே சொன்ன வயர் நிறங்களை ஒரு சிறிய கட்டத்துக்குள் வண்ணத்தில் போட்டு ஒரு நாள் வெளியிடுங்கள். ஐடிஐ படிக்கும் பையன்கள் கத்தரித்துப் பணிமனைச் சுவரில் ஒட்டிக்கொள்வார்கள். என் கடையிலும் ஒட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கார் எலக்ட்ரீஷியன் ஒருவர்,
பாளையங்கோட்டை.